ஈரோட்டில் வாங்க, விற்க, குடியிருக்க: வாசகர் கேள்வி – பதில்

ஈரோட்டுச் சந்தைகள், தறிப்பட்டறைகள், குடியிருப்புகள் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். அந்தந்தத் துறையில் பழக்கமுள்ளவர்கள் பதில் சொல்கிறார்கள்.

வீட்டிலிருந்தே துணி வியாபாரம் தொடங்கப் போகிறேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஈரோடு வாரச்சந்தைக்கு எப்போது போவது, எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பன்னீர்செல்வம் பூங்கா பக்கத்தில் இருக்கும் ஈ.கே.எம். அப்துல் கனி ஜவுளி மார்க்கெட்டைத்தான் ஊரில் 'கனி மார்க்கெட்' என்பார்கள். வாரச்சந்தை திங்கட்கிழமை மாலையில் சூடு பிடித்து, இரவு முழுக்க நடந்து, செவ்வாய்க்கிழமை முடியும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா வியாபாரிகள் திங்கள் இரவே பண்டல் கட்டிவிடுவார்கள். நல்ல ரகம் அப்போதே போய்விடும் என்பது பாதிதான் உண்மை. உங்களைப் போலச் சில்லறையாக எடுப்பவர் திங்கள் இரவு போய் நாலைந்து கடையில் விலை கேட்டு, ரகத்தைக் குறித்துக்கொண்டு, செவ்வாய் காலை வெயில் வந்த பிறகு எடுப்பதே நல்லது. விளக்கு வெளிச்சத்தில் நீலமும் கறுப்பும், மெரூனும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஊருக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் சாயம் தட்டுக்குத் தட்டு மாறியிருக்கும்.

வாங்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்துச் சில சோதனைகள் செய்யுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, அடர் நிறத் துணியில் அழுத்திப் பத்து முறை தேயுங்கள். கறை ஒட்டினால் அந்தச் சாயம் வீட்டில் மற்ற துணியையும் கெடுக்கும். ஓர் இழையை உருவி, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். பருத்தியையும் ரேயானையும் பிரித்தறிய நெருப்பு உதவாது, தண்ணீர் உதவும். இழையை நனைத்து இழுங்கள். ரேயான் ஈரத்தில் பாதி வலுவை இழந்துவிடும், சட்டென்று அறும். பருத்தி அப்படி அறாது. 'காட்டன் நைட்டி' என்று ரேயான் வாங்கிவிட்டு, வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ரேயான் மட்டமான துணி அல்ல. ரேயான் என்று சொல்லியே விற்றால் பிரச்சினை இல்லை.

வேட்டி, லுங்கி, துண்டு, போர்வை எதுவானாலும் இஞ்ச் டேப்பால் நீளமும் அகலமும் அளந்து பாருங்கள். விலை குறைவாகச் சொல்லும் சரக்கில் பெரும்பாலும் அளவுதான் குறைந்திருக்கும். மடிப்பின் மேல் துணியை மட்டும் பார்க்காமல், கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பிரியுங்கள். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, ஊடை (குறுக்கு நூல்) விட்டுப்போன கோடு இருந்தால் அது செகண்ட்ஸ். செகண்ட்ஸ் என்று தெரிந்து அந்த விலைக்கு வாங்குவது தவறில்லை. முதல் தர விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

40,000 முழுவதையும் முதல் தடவையே போடாதீர்கள். 25,000 முதல் 30,000 வரை சரக்கு எடுத்து, மீதியை அடுத்த நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரகம் போகிறது என்பது முதல் மாதம் முடிந்தால்தான் தெரியும். நைட்டி, துண்டு, லுங்கி, போர்வைக்கு வருடம் முழுக்க ஆள் உண்டு. டிசைன் சேலை தங்கிவிட்டால் பணமும் அதோடு தங்கிவிடும். பல கடைகளில் 'செட்' உடைக்க மாட்டார்கள். ஒரு டிசைனில் ஆறு நிறம் என்றால் ஆறையும் எடுக்கச் சொல்வார்கள். அதில் ஓடாத நிறம் இரண்டு இருக்கும் என்று வைத்துக்கொண்டு அடக்க விலை போடுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாலைந்து வாரமும், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் முன்னாலும் விலை இறங்காது. பொங்கல் முடிந்த பிறகு பேரம் பேச இடம் கிடைக்கும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தவிர்க்க பில்லே வேண்டாம் என்றால், சரக்கில் குறை வந்து திருப்பும்போது கையில் ஆதாரம் இருக்காது. திருப்பும் கெடுவை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பார்சல் ஆபீசில் போட்டால் எல்.ஆர். என்னும் லாரி ரசீதில் பண்டல் எண்ணிக்கை, எடை, 'பெய்ட்'டா (கூலி முன்பே கட்டியது) 'டூ பே'யா (எடுக்கும்போது கட்டுவது) என்ற மூன்றும் இருக்க வேண்டும். வீடு வரை கொண்டுவருவார்களா, திண்டுக்கல் குடோனில் நீங்கள் போய் எடுக்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். குடோனில் நாள் தள்ளினால் சில இடங்களில் தண்டம் கேட்பார்கள்.

எங்கள் மஞ்சள் எப்போதும் அடுத்த தோட்டத்து மஞ்சளைவிட விலை குறைவாகவே போகிறது. ரகம் ஒன்றுதான். காரணம் என்ன? இருப்பு வைத்து விற்றால் லாபமா?
— ஒரு விவசாயி, அந்தியூர்

ரகம் ஒன்றாக இருந்தும் விலை மாறுகிறதென்றால் வேக்காடு, காய்ச்சல், பாலிஷ், பிரிப்பு இந்த நான்கில் ஒன்றில்தான் குறை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் ஏலக் களத்தில் வியாபாரி உங்கள் மூட்டையில் கைவிட்டு எடுக்கும் ஒரு பிடிக்குத்தான் விலை போடுகிறார்.

அவர் செய்வதை நீங்கள் வீட்டில் செய்து பாருங்கள். ஒரு விரலியை (விரல் போல நீண்ட கிளைக் கிழங்கு) இரண்டு கையாலும் பிடித்து ஒடியுங்கள். நன்றாகக் காய்ந்தது 'டக்' என்ற ஓசையோடு ஒடியும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. ஒடிந்த முகத்தைப் பாருங்கள். ஓரம் முதல் நடு வரை ஒரே ஆழ்ந்த நிறம் இருந்தால் வேக்காடு சரி. நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் வேகவில்லை. நிறம் மங்கிப் போயிருந்தால் அதிகம் வெந்துவிட்டது.

அறுவடை செய்த இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். குண்டையும் (உருண்டைத் தாய்க்கிழங்கு) விரலியையும் ஒரே கொப்பரையில் போடக் கூடாது. குண்டு வேகும் நேரத்தில் விரலி குழைந்துவிடும், விரலிக்குப் பார்த்து இறக்கினால் குண்டு நடுவில் பச்சையாக நிற்கும். உங்கள் குறை இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொப்பரையில் 45 முதல் 60 நிமிடம் ஆகும். நுரை பொங்கி, வெள்ளை ஆவியோடு மஞ்சள் வாசம் தூக்கலாக வரும்போது ஒன்றை எடுத்து விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருக்க வேண்டும், மெல்லிய குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும். நீராவி பாய்லர் வைத்து வேகவைப்பவரிடம் கொடுத்தால் நேரம் இதைவிடக் குறையும். அவர் அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் இறக்காமல் இருக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள்.

காயப்போடும்போது இரண்டு மூன்று அங்குலத் திண்ணத்துக்குப் பரப்புங்கள். அதைவிட மெல்லிசாகப் பரப்பினாலும் நிறம் மங்கும். இரவில் மூடிவைக்க வேண்டும். 10 முதல் 15 நாளில் காயும். மண் தரையில் காயவைத்தால் சாணமும் தூசியும் சுருக்கங்களில் ஏறிவிடும், பாலிஷ் டிரம்மில் எவ்வளவு சுற்றினாலும் போகாது. பாலிஷின்போது நிறத்துக்காக மஞ்சள் தூள் கரைசல் தெளிப்பது வழக்கம். அங்கே சாயப்பொடி எதையும் சேர்க்க யாரையும் விடாதீர்கள். லெட் குரோமேட், மெட்டானில் மஞ்சள் போன்றவை நஞ்சு, உணவில் தடை செய்யப்பட்டவை. ஒரு லாட்டில் பிடிபட்டால் அந்தப் பெயரில் வரும் சரக்கை அடுத்து யாரும் தொட மாட்டார்கள்.

பிரிக்கும்போது விரலி, குண்டு, பூச்சி துளைத்தது, ஒடிந்தது எல்லாம் தனித்தனி மூட்டையாக இருக்கட்டும். கலந்தால் கடைசித் தரத்துக்குத்தான் விலை விழும். மூட்டையின் வாயில் நல்லதும் அடியில் சொத்தையும் போடுவது இங்கே பலிக்காது. கம்பி விட்டு நடுவிலிருந்து மாதிரி எடுப்பார்கள்.

எங்கே விற்பது? ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், ஈரோடு, கோபி கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள், வியாபாரிகளின் தனியார் ஏலக்கூடம் என்று இடங்கள் உண்டு. ஒழுங்குமுறைக் கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகள் மாதிரி பார்த்து, ஒவ்வொரு லாட்டுக்கும் விலையை எழுதிப் போடுவார்கள். விவசாயியிடம் தரகு பிடிக்கக் கூடாது. சந்தைக் கட்டணம் வாங்குபவர் தலையில். விலை பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒரு நடைக்கு மொத்தச் சரக்கையும் ஏற்றாமல், முதலில் பத்து மூட்டை கொண்டுபோய் விலை பாருங்கள்.

இருப்பு வைப்பதற்குக் கணக்கு போட்டுவிட்டு முடிவெடுங்கள். இன்றைக்குக் குவிண்டால் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வெளிக்கடன் இருந்து மாதம் 1 சதவீத வட்டி என்றால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 720 ரூபாய். ஈரம் வற்றி எடை 2 சதவீதம் குறைந்தால் 240. ஆக 960 ரூபாயும் குடோன் வாடகையும் சேர்ந்து விலை ஏறினால்தான் இன்றைக்கு விற்றதற்குச் சமம். நிஜாமாபாத், சாங்லி, நாந்தேடு பக்கத்து வரத்தும் சேர்ந்துதான் ஈரோட்டு விலையைத் தீர்மானிக்கிறது. அந்த ஊர்களில் விளைச்சல் நன்றாக இருக்கும் வருடம் காத்திருப்பது ஆபத்து. பணமுடைக்காக விற்கிறீர்கள் என்றால், ஒழுங்குமுறைக் கூடத்தின் குடோனில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேளுங்கள். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் கெடுவில் கிடைக்கும். அதன் வட்டி வெளிக்கடனைவிட மிகக் குறைவு. வட்டி விகிதத்தையும் உச்சவரம்பையும் கண்காணிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு சரக்கை இறக்குங்கள். என்னைக் கேட்டால், பாதியை அறுவடை ஓய்ந்ததும் விற்று, மீதியை மட்டும் வைத்துப் பார்ப்பதே குடும்பம் தாங்கும் வழி.

பத்துத் தறி ஓட்டுகிறோம். ரேயான் கூலிக்கு நெய்கிறோம். நூல் கொடுத்தவர் 'நூல் குறைகிறது' என்று கூலியில் பிடிக்கிறார், கூலியும் மூன்று மாதம் இழுக்கிறார். என்ன செய்வது?
— வீரப்பன்சத்திரம் வாசகர்

இரண்டு தகராறுக்கும் காரணம் கணக்கு எழுத்தில் இல்லாததுதான்.

முதலில் நூல். நெய்யத் தொடங்கும் முன்பே மீட்டருக்கு எத்தனை கிராம் என்று நீங்களே கணக்கிட்டு அவரிடம் ஒப்புக்கொள்ள வையுங்கள். 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோவில் சுமார் 50,800 மீட்டர் இருக்கும். 50 அங்குலப் பன்னா (துணி அகலம்), அங்குலத்துக்கு 68 இழை பாவு (நீளவாட்டு நூல்), 64 பிக் (குறுக்கிழை) ஊடை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாவில் மொத்தம் 3,400 இழை. ஒரு மீட்டர் துணிக்கு நெளிவுக்காக 5 சதவீதம் சேர்த்தால் 3,570 மீட்டர் நூல், அதாவது 70 கிராம். ஊடையில் ஒரு மீட்டருக்கு 2,520 பிக். ஒவ்வொரு பிக்கும் 1.27 மீட்டர், அதற்கும் நெளிவு 4 சதவீதம் சேர்த்தால் சுமார் 3,330 மீட்டர், அதாவது 65 அல்லது 66 கிராம். ஆக மீட்டருக்கு 136 கிராம். 500 மீட்டருக்கு 68 கிலோ. கழிவு 3 சதவீதம் என்றால் 70 கிலோ.

கணக்கு இப்படி இருந்தும் நூல் குறைந்தால் மூன்று இடத்தில் பாருங்கள். பெட்டி எடையில் கோன் குழாயின் எடையும் சேர்ந்திருக்கலாம். வெறும் குழாயை நிறுத்துக் கழியுங்கள். சொன்னது 64, தறியில் ஓடுவது 66 பிக்காக இருக்கலாம். கண்ணாடி வைத்துத் துணியின் மூன்று இடத்தில் எண்ணுங்கள். இரண்டு பிக் கூடினாலே 500 மீட்டரில் ஒரு கிலோ நூல் கூடுதலாகப் போகும், கூலியோ பழைய பிக்குக்கே கிடைக்கும். மூன்றாவது, பஞ்சு நூல் போலவே ரேயானும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் நிறுத்து வாங்கிய நூல் கோடையில் எடை காட்டாது. வாங்கும் அன்றே அவரது ஆள் முன்னிலையில் நிறுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கழிவு நூலையும் மூட்டை கட்டி எடை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதை விற்றுவிட்டால் கணக்கு நிரூபணமாகாது.

அடுத்து கூலி. உத்யம் என்ற மத்திய அரசின் குறு, சிறு தொழில் பதிவைச் செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது, இடைத்தரகர் தேவையில்லை. ஒவ்வொரு முறை துணி அனுப்பும்போதும் மீட்டர், பீஸ் எண்ணிக்கையோடு சலான் எழுதி, பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக ஏறும்.

வழக்குப் போட்டால் நூல் வராது என்று பயப்படுவீர்கள். அது நியாயமான பயம்தான். அதனால் முதலில் வருமான வரியைக் காட்டிப் பேசுங்கள். 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, குறு, சிறு தொழில் செய்பவருக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும் வரை நூல் கொடுத்தவர் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அவருடைய ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். பிப்ரவரிக் கடைசியில் நிலுவைப் பட்டியலை, உத்யம் சான்றிதழ் நகலோடு கடிதமாக அனுப்புங்கள். சண்டை போடாமல் மார்ச்சுக்குள் பணம் வர இதுவே நல்ல வழி. அதற்கும் அசையாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில், நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்கக் குழுவுக்கு மனுப் போடும் வழியைக் கேளுங்கள்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மார்ச் முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், முன்பு 750. தறிக்கான இணைப்பில் வேறு வேலைக்கு மின்சாரம் எடுத்தால் அபராதம் வரும்.

தேர்தல் நேரத்தில் சந்தைக்குப் பணம் கொண்டுபோனால் பறித்துவிடுகிறார்களே?
— பாலக்காட்டிலிருந்து ஒரு வியாபாரி

நடத்தை விதி அமலில் இருக்கும்போது ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் வைத்திருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். ஒவ்வொரு தேர்தலிலும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையும் மாட்டுச்சந்தையும் இதனால் வெறிச்சோடுகின்றன. வங்கியில் எடுத்த சீட்டு அல்லது பாஸ்புக் பக்கம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, அடையாள அட்டை, போன வாரத்துக் கொள்முதல் பில் ஆகியவற்றைப் பணத்தோடு ஒரே பையில் வையுங்கள். பணத்தை எடுத்துவிட்டால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்டக் குறைதீர் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். அதன் முகவரி ரசீதிலேயே இருக்க வேண்டும். முடிந்த மட்டும் வங்கி வழியாகவே கொடுத்துவிடுங்கள். சாதாரண நாளிலும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது.

பெருந்துறை சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஈரோட்டில் குடியிருப்பதா, பெருந்துறையிலா? வீடு பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், நாமக்கல்

பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் ஈரோட்டில் என்றால் பெருந்துறை சாலைப் பக்கம், திண்டல் வரை பாருங்கள். பெருந்துறை பஸ் அடிக்கடி உண்டு, நகர நெரிசலில் மாட்ட மாட்டீர்கள். தெற்கே கொல்லம்பாளையம், மூலப்பாளையம் பக்கம் வாடகை ஒத்துவந்தாலும், கொல்லம்பாளையம் ரயில்வே நுழைவுப் பாலத்தைக் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை கடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஷிப்டு வேலை என்றால் இரவுப் பேருந்து கிடைக்கிறதா என்பதைப் பொறுத்துப் பெருந்துறையே மேல். ஈங்கூர் ரயில் நிலையம் சிப்காட்டுக்கு அருகில் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது.

வீட்டில் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மாநகராட்சிக் குடிநீர் காவிரியிலிருந்து வருகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர்தான் என்றால் ஒரு பாட்டில் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். சாய, தோல் பட்டறைகள் இருந்த பகுதிகளில் இது எகிறிவிடும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு, குழாய் மூட்டில் அரிப்பு இருந்தால் ஆய்வுக்கு முன்பே தெரிந்துவிடும்.

பெரும்பள்ளம் ஓடைக் கரையிலும் காவிரிக் கரையிலும் தாழ்வான வீட்டை எடுக்காதீர்கள். மேட்டூரில் உபரி நீர் திறக்கும் வருடம் கருங்கல்பாளையம் கரையோரத்தில் தண்ணீர் ஏறும். சுவரில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கதவு நிலையின் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள், ஊறிய மரம் மந்தமாக ஒலிக்கும்.

கருங்கல்பாளையம் சந்தையில் கறவை மாடு வாங்கலாமா?
— பரமத்தி வாசகர்

வாங்கலாம். வியாழக்கிழமை விடியலிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நல்ல மாடு இருக்காது. விற்பவர் சொல்லும் லிட்டரை நம்பி விலை பேசாதீர்கள். முந்தைய நாள் மாலை கறக்காமல் மடியை நிரப்பி ஓட்டிவருவது பழைய தந்திரம், அதனால் சந்தையில் ஒரு வேளை கறந்து பார்த்தால் கணக்குத் தப்பும். முடிந்தால் விற்பவரின் தொழுவத்துக்குப் போய் மாலையும் மறுநாள் காலையும் அடுத்தடுத்து இரண்டு வேளை கறந்து அளவு பாருங்கள். நான்கு காம்பிலும் தனித்தனியாக முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சுங்கள். திப்பியாக வந்தால் மடிநோய், அந்த மாட்டை விட்டுவிடுங்கள். சினை என்று சொல்லி விற்றால் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள். காதில் அடையாள வில்லை இருக்கிறதா, கோமாரித் தடுப்பூசி போட்டார்களா என்றும் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற மாடுகளோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள்.